எவர்சில்வர் வெட்டாதுன்னு யார் சொன்னது?

ஆடி மாசம் எங்க ஊர் பட்டறையில ஒரு சண்டை. சண்டைன்னா அடிதடி இல்லை. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எங்க அக்கா பையன் ஒரு பக்கம். நாப்பது வருஷமா அருவாளும் களைக்கொட்டும் அடிக்கிற எங்க ஊர் ஆசாரி அண்ணன் இன்னொரு பக்கம். நடுவுல நான். விஷயம் ஒரு மடக்குக் கத்தி.

பையனுக்குக் கையால செஞ்ச மடக்குக் கத்தி ஒண்ணு வேணுமாம். போன்ல ஒரு பட்டியல் வச்சிருந்தான். டி2, 440சி, எஸ்30வி என்று ஏதோ பஸ் நம்பர் மாதிரி வாசிச்சான். "இதுல எதுல செய்வீங்க பெரியவரே?" என்றான். ஆசாரி அண்ணன் கொறட்டைக் கீழே வச்சார். "எல்லாம் எவர்சில்வர்தானே தம்பி? எவர்சில்வர் வெட்டாது. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சுத் தரேன், பேரன் காலம் வரைக்கும் வெட்டும்" என்றார். பையன் என் காதுல, "மாமா, இவருக்கு ஸ்டீல் பத்தி ஒண்ணும் தெரியலை" என்றான்.

ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. அன்னைக்கு எனக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரியலை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஆனா அதுக்கு அப்புறம் மூணு நாலு மாசம் இதே வேலையா அலைஞ்சு, கேட்டு, கைக்காசைப் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்போ சொல்றேன்.

முதல்ல, ஒரு விவசாயிக்கு மடக்குக் கத்தி எதுக்கு? எனக்குப் பாகூர் பக்கம் ரெண்டு ஏக்கர். நெல்லு, வாழை, கொஞ்சம் மல்லாட்டை. வாரத்துல ரெண்டு நாள் விடியறதுக்கு முன்னாடி வாழைத்தாரை டிவிஎஸ் 50-ல கட்டிக்கிட்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு வரேன். கயிறு அறுக்கணும், சாக்குத் தையல் பிரிக்கணும், சீப்பு வெட்டிக் கொடுக்கணும். வயல்ல இருந்தா உர மூட்டை, சொட்டுநீர்க் குழாய், மதியம் ஒரு மாங்காய். இதுக்கெல்லாம் அருவாள் பெருசு. அதுவும் டவுனுக்குள்ள அருவாளை இடுப்புல செருகிக்கிட்டு நேரு வீதியில நடந்து பாருங்க, என்ன ஆகும்னு தெரியும். அதனால மடக்கிப் பையில போடுற கத்திதான் சரி.

அப்படி ஒண்ணை நானும் டவுன்லதான் வாங்கினேன். ரெண்டு வருஷம் முன்னாடி, வெள்ளைக்காரங்க வந்து போற வீதியில ஒரு கடை. கடை பேர் வேண்டாம். "கையால செஞ்சது, சுத்தமான ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கினாங்க. மரப்பிடி, பித்தளை ஆணி, கண்ணாடி மாதிரி பளபளப்பு. ரெண்டு நாள் சாக்கு அறுத்தேன். மூணாம் நாள் தக்காளித் தோல் மேல வழுக்குச்சு. சாணை பிடிச்சேன். மறுபடி ரெண்டு நாள்தான். கடுப்புல மாட்டுக்கொட்டாயில கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து அலகு மேல வச்சேன். ஒட்டவே இல்லை.

அங்கதான் விஷயமே இருக்கு. நாம சாப்பிடுற தட்டு, டம்ளர், தண்ணிக் குடம் எல்லாம் எவர்சில்வர். அதுல நல்ல வகைக்கு 304 என்று பேரு. நூத்துக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். கார்பன் இருக்கிறதே தெரியாத அளவு, 0.08-க்கும் கீழே. விலை குறைஞ்ச பாத்திரத்துக்கு 202 மாதிரி வகைகள், நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்தது. இந்த ரெண்டு குடும்பத்தையும் நீங்க எவ்வளவு காய்ச்சினாலும், எதுல தோய்ச்சாலும் கெட்டியாகாது. அது பாத்திரம் ஆகப் பொறந்த உலோகம். அதை வெட்டி, தேய்ச்சு, பிடி மாட்டி, கத்தின்னு வித்தா அது கத்தி இல்லை, கத்தி மாதிரி வளைச்ச கரண்டி.

கத்திக்கு ஆகிற எவர்சில்வர் வேற சாதி. அதுல குரோமியம் பெரும்பாலும் 13, 14 பங்கு. கார்பன் 0.3-லேருந்து 1 பங்கு வரைக்கும். அந்தக் கார்பன்தான் காய்ச்சித் தோய்ச்சா கெட்டியாகுது. அதுல காந்தம் பச்சக்குன்னு ஒட்டும். நெல்லுன்னு பொதுவா சொன்னா சீரகச் சம்பாவும் நெல்லுதான், ரேஷன் கடைக்குப் போறதும் நெல்லுதான். எந்த நெல்லுன்னு கேக்காம பிரியாணி செய்ய உக்காருவீங்களா? எவர்சில்வருக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?

காந்தத்தை வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. ஒட்டலைன்னா கத்திக்கு ஆகாது, அது நிச்சயம். ஒட்டினா ஆகும்னு நிச்சயம் இல்லை. 430 என்று ஒரு வகை இருக்கு. காந்தம் ஒட்டும், ஆனா கெட்டியாகாது. காந்தம் கெட்டதை ஒதுக்க உதவும், நல்லதைத் தேர்ந்தெடுக்க உதவாது.

ஆசாரி அண்ணன் சொன்ன "எவர்சில்வர் வெட்டாது" புதுசு இல்லை. அது நூறு வருஷத்துக்கு மேல பழைய பேச்சு. இங்கிலாந்துல ஷெஃபீல்டுங்கிற ஊர் கத்திக்கே பேர் போனது. அங்க 1913-ல ஹாரி பிரியர்லி என்பவர் 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கார்பனும் சேர்ந்த உருக்கை வார்த்தார். துப்பாக்கிக் குழலுக்காக ஆரம்பிச்ச வேலை அது. துருப்பிடிக்கலைன்னு பார்த்ததும், கத்தி செய்யலாமேன்னு உள்ளூர்க் கத்திக்காரங்ககிட்டே கொடுத்தார். அவங்க பழைய இரும்பைக் காய்ச்சின பழைய சூட்டுலயே இதையும் காய்ச்சினாங்க. கத்தி வெட்டலை. "வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்ச ஆளு" என்று பிரியர்லிக்குப் பேர் வச்சுச் சிரிச்சாங்க. அப்புறம் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்திப் பட்டறைக்காரர்தான் சூட்டை மாத்தி மாத்திப் பார்த்து, சரியான பதத்தைப் பிடிச்சார். கத்தி வெட்டுச்சு. உலோகத்து மேல குத்தம் இல்லை. சூட்டுலதான் குத்தம். நம்ம ஊர்ல அந்தப் பேச்சை இன்னும் நாம மாத்திக்கலை.

சரி, "லாரி பட்டையே நல்லா வெட்டுதே, எவர்சில்வர் எதுக்கு?" என்று ஒரு நியாயமான கேள்வி. அருவாளுக்கு நான் இன்னைக்கும் ஆசாரி அண்ணன் கட்சிதான். ஸ்பிரிங் பட்டையில அடிச்ச அருவாள் மாதிரி வராது. பனை ஏறிக் கள்ளு இறக்குறவங்க பாளை சீவுற கத்தியைப் பாருங்க. அதுவும் துருப்பிடிக்கிற இரும்புதான், தினம் தீட்டித் தீட்டி சவரக்கத்தி மாதிரி வச்சிருப்பாங்க. அருவாள் திறந்து கிடக்கும், துடைக்கலாம், துரு வந்தா கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்தா போச்சு.

மடக்குக் கத்தியில அலகு போய் உக்கார்ற இடம் ஒரு இருட்டுப் பள்ளம். ஆணி சுத்தி ஒரு சந்து. வாழைப்பாலு, மாங்காய்ச் சாறு, வேர்வை எல்லாம் அதுக்குள்ள போய் உக்காரும். துணி போகாது, விரல் போகாது. அதோட இது புதுச்சேரி. வங்காள விரிகுடா காத்து எங்க வீட்டு ஜன்னல் கம்பியையே தின்னுது. பையில வேர்வையோட கிடக்கிற இரும்பு அலகை விடுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு வாரம் மறந்தா போதும்.

இதை நான் கண்ணால பார்த்திருக்கேன். எங்க பெரியப்பா சொல்தா. வெளியூர்க்காரங்களுக்குப் புரியலைன்னா, பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்களை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். அவர்கிட்டே அங்கேயிருந்து கொண்டு வந்த மடக்குக் கத்தி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு சாதா உருக்கு. இன்னொண்ணு எவர்சில்வர், அதுல "இனாக்ஸ்" என்று பொறிச்சிருக்கும், துருப்பிடிக்காததுன்னு அர்த்தம். சாதா உருக்கு அலகு நல்லாத்தான் வெட்டும், தீட்டவும் சுலபம். ஆனா எலுமிச்சம்பழம் வெட்டினா அன்னைக்கே கறுக்கும். அவர் வாரா வாரம் தேங்காயெண்ணெய் போடுவார். கடைசி காலத்துல கை நடுக்கம் வந்து எண்ணெய் போடுறது நின்னுச்சு. அவர் போனதுக்கு அப்புறம் பெட்டியைத் திறந்தப்போ சாதா உருக்குக் கத்தியைத் திறக்கவே முடியலை, ஆணியோட ஒட்டிப் போயிருந்துச்சு. இனாக்ஸ் கத்தி சுலபமா திறந்துச்சு. கல்லுல நாலு இழுப்பு இழுத்ததும் வெத்தலை காம்பு கிள்ளலாம் போல ஆச்சு.

பிரான்ஸ்ல சவோய் மலைப் பக்கம் 1890-ல ஜோசப் ஒபினெல் ஆரம்பிச்ச மடக்குக் கத்தி, அங்க விவசாயிங்க பையில இருக்கிற சாதாரணக் கத்தி. அந்தக் கம்பெனி இன்னைக்கும் ரெண்டு வகையும் விக்குது. சாதா உருக்கு ஒண்ணு, எவர்சில்வர் ஒண்ணு. எவர்சில்வருக்கு அவங்க எடுக்கிறது 12சி27 வகை சுவீடன் உருக்கு. 12சி27-ல கார்பன் 0.6, குரோமியம் 13.5. ரொம்ப எளிமையான சேர்மானம். அதைத்தான் நூறு வருஷம் தாண்டின கத்திக்காரன் நம்புறான்.

இப்போ எங்க மருமகன் பட்டியலுக்கு வரேன். டவுன்ல, மெட்ராஸ்ல, பெங்களூர்ல இருக்கிற தம்பிங்க நிறையப் பேருக்கு இதே வியாதி. பெரிய நம்பர் இருந்தா பெரிய கத்தின்னு நினைப்பு.

டி2 இருக்கே, அது டை செய்யிற பட்டறைகள்ல பொழங்குற உருக்கு. குரோமியம் 12 பங்கு இருக்குன்னு பார்த்துட்டு ஸ்டெயின்லெஸ்னு விக்கிறவங்க உண்டு. ஆனா கார்பன் 1.5 பங்கு. கார்பன் குரோமியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நாம போட்ட யூரியாவைக் களை தின்னுட்டா பயிருக்கு என்ன மிஞ்சும்? அந்த மாதிரிதான், துருவைத் தடுக்க மிச்சம் இருக்கிற குரோமியம் கம்மி. கோயம்புத்தூர்ல வீட்டுக்குள்ள வச்சா பரவாயில்லை. எங்க கடற்கரைக் காத்துக்கு ஆகாது.

440சி நல்ல உருக்குதான். கார்பன் ஒரு பங்கு கிட்டே, குரோமியம் 16-லேருந்து 18. ஆனா உள்ளே மணி மணியா பெரிய கரடு. மெல்லிசா, ரொம்பக் கூர்மையா தீட்டினா விளிம்பு பொடிப்பொடியா உதிரும்.

எஸ்30வி அமெரிக்காவுல உருவான, தூளாக்கிச் சேர்த்துச் செய்யிற உருக்கு. அதுல வனேடியம் 4 பங்கு. அந்த வனேடியம் கரடு சாதாரண சாணைக்கல்லை விடக் கெட்டி. தெருவுல சைக்கிள் மிதிச்சுச் சாணை பிடிக்கிற ஆளுகிட்டே கொடுத்தா, கல்லுதான் தேயும். வைரப்பொடி ஒட்டின தகடு வாங்கணும். தம்பி, நீ ஆன்லைன்ல அமேசான் பெட்டி பிரிக்கத்தானே வாங்குறே? அதுக்கு எதுக்கு இது?

எங்க நிலைமைக்கு 12சி27 போதும். இன்னும் உப்புக்காத்துக்கு தாங்கணும்னா அதோட தம்பி 14சி28என், கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்தது. ரெண்டுமே நம்ம வீட்டுக் கறுப்புக் கல்லுல தீட்டலாம். அலகு கனம் 2 மில்லி போதும். 4 மில்லியில கடப்பாரை மாதிரி செஞ்சு "ஹெவி டியூட்டி" என்று விக்கிறாங்களே, அது மாங்காயை வெட்டாது, பிளக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "நம்ம முன்னோர் உருக்கு உலகத்துக்கே போச்சு, எவர்சில்வர் வெள்ளைக்காரன் சரக்கு" என்று பேசுறவங்க. பெருமை எனக்கும் உண்டு. பழைய தென்னாற்காட்டுல, எங்க ஊர்லேருந்து அவ்வளவு தூரமில்லாத மேல்சிறுவளூர்ல, உருக்கு காய்ச்சின மண்குடுவைத் துண்டுகளை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் எடுத்துக் காட்டியிருக்காங்க. கொடுமணல்லயும் உலை இருந்துச்சு. அந்த உருக்குதான் வூட்ஸ் என்ற பேர்ல வெளிநாடு போச்சு. எல்லாம் சரி. ஆனா அதுவும் எண்ணெய் போடலைன்னா துருப்பிடிக்கும். இன்னைக்கு "டமாஸ்கஸ்" என்று அலை அலையா கோலம் போட்டு விக்கிற கத்தி அந்தப் பழைய உருக்கும் இல்லை. ரெண்டு வகை உருக்கை அடுக்கடுக்கா அடிச்சு ஒட்டி, ஆசிட்ல முக்கி எடுத்த கோலம். கோலம் வெட்டாது. முன்னோர் பேரைச் சொல்லி உங்க பணத்தைத்தான் வெட்டுது.

இனிமேதான் முக்கியமான விஷயம். அக்கா பையன் எங்கேயோ சொல்லி 12சி27 பட்டை ஒரு அடி வாங்கி அனுப்பினான். ஆசாரி அண்ணன் வேண்டா வெறுப்பா வாங்கினார். ஆனா கையில எடுத்ததும் தொழில் பக்தி வந்துடுச்சு. ரெண்டு அலகு அறுத்து, அரம் போட்டு, ஆணி ஓட்டையும் போட்டார். ஒண்ணைக் கரி உலையில வச்சுக் காய்ச்சி எண்ணெயில தோய்ச்சார். அடிப்பக்கம் அரம் வச்சுப் பார்த்தார். ஒரு இடத்துல அரம் வழுக்குது, நாலு விரக்கடை தள்ளிப் பார்த்தா வெண்ணெய் மாதிரி கடிக்குது. ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தார். "நாப்பது வருஷத்துல என் தோய்ச்சல் தப்பினதில்லை தம்பி" என்றார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.

அவர் கை தப்பலை. ஸ்பிரிங் பட்டையைச் செக்கச்செவேல்னு காய்ச்சி, காந்தம் விட்டதும் இன்னும் கொஞ்சம் ஏத்தி, தோய்ச்சா முடிஞ்சுது. எண்ணூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேல. அவர் கண்ணே அதுக்கு மீட்டர். 12சி27-க்கு 1,080 டிகிரி கிட்டே வேணும். அங்க சில நிமிஷம் ஆடாம அசையாம நிக்கணும். சட்டுன்னு குளிர வைக்கணும். அப்புறம் இருநூறு டிகிரி பக்கம் வச்சுப் பதம் இறக்கணும். நெல்லு அவிக்கிற மாதிரி. கம்மியா அவிஞ்சா வெள்ளை வயிறு, கூட அவிஞ்சா வெடிச்சுடும். இதுல சூடு குறைஞ்சா அலகு மெத்துன்னு இருக்கும், துருவும் பிடிக்கும். சூடு கூடினா மறுபடியும் மெத்துதான், உள்ளே மணியும் பெருத்துடும். கரி உலையில ஒரு பக்கம் காத்து அடிக்கும், ஒரு பக்கம் அடிக்காது. மனுஷக் கண்ணால அந்தச் சூட்டைப் பிடிச்சு நிறுத்த முடியாது. வேண்டியது மீட்டர் வச்ச ஒரு சின்ன மின்சார உலை. அவ்வளவுதான்.

அதைத் தேடித்தான் அலைஞ்சோம். டவுனைச் சுத்தி தொழிற்பேட்டை இருக்கு. கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில். "ஒரு அலகா? கிலோ கணக்குல கொண்டு வாங்க." அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அது அவங்க பிழைப்பு. கடைசியில ரெண்டாவது அலகை மெட்ராஸ்க்குக் கொடுத்தனுப்பினோம். ஒரு அலகுக்குக் கொடுத்த குறைஞ்சபட்சக் கூலி, ஆசாரி அண்ணன் மூணு நாள் வேலைக்குக் கேட்ட கூலியை விடக் கூட. திரும்பி வந்ததை அவரே தீட்டினார். பூவரசம் பிடி போட்டார். தீட்டி முடிச்சு முழங்கையில ஒரு இழுப்பு இழுத்தார். மயிர் பறந்துச்சு. என்னைப் பார்த்தார். "வெட்டுதுய்யா" என்றார்.

அந்தக் கத்தி அக்கா பையனுக்குப் போகலை. நான் வச்சுக்கிட்டேன். இந்த மழை முழுக்க என் பையில கிடந்துச்சு. ஒரு புள்ளி துரு இல்லை.

என் கோபம் இதுதான். அறிவு அவர்கிட்டே இருக்கு, கை இருக்கு. வாங்க ஆளும் இருக்காங்க. சுத்திப் பார்க்க வர்றவங்க சும்மாவா 1,800 கொடுக்கிறாங்க? நடுவுல ஒரு உலை இல்லாததால அந்தக் காசு தட்டு எவர்சில்வரைக் கத்தின்னு விக்கிறவனுக்குப் போகுது. ஆசாரி அண்ணன் மகன் பட்டறைப் பக்கமே வரலை, கம்பெனி வேலைக்குப் போறான். ஏன் வரணும்? அருவாளும் கடையில அச்சுல அடிச்சது வந்துடுச்சு.

2023 செப்டம்பர்ல மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்துச்சு. 18 கைத்தொழில், அதுல கொல்லரும் உண்டு. பயிற்சி, அந்த நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000, அப்புறம் 5 சதவீத வட்டியில முதல்ல ஒரு லட்சம், அடுத்து ரெண்டு லட்சம் கடன். வேண்டாம்னு சொல்லலை. ஆனா அறுபது தாண்டின மனுஷன் கடன் வாங்கி உலை வாங்கி, வாரத்துக்கு ரெண்டு அலகு காய்ச்சி எப்போ கட்டுவார்? ஆளுக்கு ஒரு சுத்தியல் கொடுக்கிறதுக்குப் பதிலா, பத்து பட்டறைக்குப் பொதுவா ஒரு உலை வைங்க. ஐடிஐ-யில வைங்க, தொழிற்பேட்டையில ஒரு மூலையில வைங்க. ஏரிக்கு ஒரு மதகு, ஊருக்கு ஒரு களம் மாதிரி. அலகுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக்கோங்க. மகன் திரும்பி வர்றானா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம்.

டவுன்ல இருக்கிற நீங்க செய்யக்கூடியதும் ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை கையால செஞ்ச கத்தின்னு ஒருத்தர் நீட்டினா பளபளப்பைப் பார்க்காதீங்க, நம்பரையும் மனப்பாடம் பண்ணாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இது எந்த எவர்சில்வர்? எங்க, எத்தனை டிகிரியில காய்ச்சினது? சாணை போனா இங்கேயே தீட்டிக் கொடுப்பீங்களா? பதில் சொல்ல முடியாதவன்கிட்டே வாங்காதீங்க. பதில் சொல்ற ஆளு ஒரு கிராமத்துக் கொல்லரா இருந்தா பேரம் பேசாம வாங்குங்க.

ஆசாரி அண்ணன் இன்னும் அருவாளுக்கு ஸ்பிரிங் பட்டைதான்னு சொல்றார். நானும் ஒத்துக்கிறேன். ஆனா "எவர்சில்வர் வெட்டாது" என்ற பேச்சு அந்தப் பட்டறையில இப்போ இல்லை. "எங்க உலைக்கு எட்டலை" என்கிறார். அதுதான் உண்மை. மழை விட்டிருக்கு, வாழைக்கு முட்டுக் கொடுக்கணும், கிளம்புறேன்.